பம்பல் என்று எழுதிய நான்கு பக்கங்கள்: எங்கள் பட்ச்சின் மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றுகூடல் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கும், மலர்க் குழுவினருக்கும், இதேபோல ஒன்றுகூடலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் மற்றப் பட்ச்காரருக்கும் வணக்கம்.

ஒன்றுகூடல் நினைவு மலரின் முதற்படியை வட்ஸ்அப்பில் போட்டு, "திருத்தம் இருந்தால் மாத முடிவுக்குள் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப்பிழைகளைக் குறித்துத் தனியாக அனுப்பிவிட்டேன். இது வேறு திருத்தம். குழுவுக்குள் எழுதியிருந்தால் இரண்டு சிரிப்புப் பொம்மைக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் அமுங்கிப் போயிருக்கும். நான் சொல்ல வந்தது எங்கள் பட்ச்சுக்கு மட்டும் உரியதும் அல்ல. அதனால் பகிரங்கமாக எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். தெற்கே ஒரு வளாகம், விஞ்ஞான பீடம், அவ்வளவு போதும். வாசிக்கிற யாராவது இது தங்களுடைய இடம்தான் என்று நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

கோரிக்கை ஒன்றுதான். சீனியர்மார் எங்களுக்குச் செய்த பகிடிவதையை (ராகிங்கை) பம்பல், அதாவது வேடிக்கை என்று சொல்லி, "மறக்க முடியாத முதல் மாதங்கள்" என்ற தலைப்பில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களே, அதை இப்போது இருக்கிறபடி அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

மலரின் மற்றப் பகுதிகள் நன்றாக வந்திருக்கின்றன. கன்ரீன் பருப்பைப் பற்றி ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பருப்புக்கு அவ்வளவு தகுதி கிடையாது, என்றாலும் இருக்கட்டும். சிங்களம் தவிர வேறு மொழி தெரியாத ஆய்வுகூட உதவியாளர் ஐயா, எங்கள் கையைப் பிடித்துப் பியூரெட்டைத் திறக்கவும் மூடவும் பழக்கியதைப் பற்றிய குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். 2002இல் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு, விடுமுறைக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் முகமாலைச் சோதனைச் சாவடியிலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறி வீடு போய்ச் சேர்ந்த கதையும் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் இப்போது பஸ் யன்னலுக்கு வெளியே ஓடி மறையும் பெயர்ப்பலகைகள் மட்டுமே. இதையெல்லாம் போடுங்கள்.

அந்த நான்கு பக்கத்தில் முதலாவதாக இருப்பது, எங்கள் பட்ச் பையன் ஒருவன் விடுதி விறாந்தையைத் தீக்குச்சியால் அளந்த கதை. "எங்கட அடிமட்டம்" (எங்கள் ஊரில் ரூலருக்கு அதுதான் பெயர்) என்று அவனுக்கு வைத்த பட்டத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுக்க முழங்காலில் நின்று அளந்து, விடிய விடை சொன்னானாம். "பிழை, திரும்ப அள" என்றாராம் ஒரு சீனியர் அண்ணா. வயிறு நோகச் சிரித்தார்களாம். பக்கத்தில் தீப்பெட்டிப் படம் வேறு. வடிவமைத்தவருக்கு நல்ல கைவண்ணம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

அந்த விறாந்தையை நான் பார்த்ததில்லை, அது ஆண்கள் விடுதி. விடிந்த பிறகு நடந்ததைத்தான் பார்த்தேன். சுட்டெண் வரிசையில் ஆய்வுகூடத்தில் அவனுக்குப் பக்கத்து இடம் எனக்கு. இளஞ்சாம்பல் நிற நீளக்காற்சட்டை போட்டிருந்தான். இரண்டு முழங்காலிலும் வட்டமாக ஊறிக் காய்ந்த கறை. ஸ்டூலில் உட்காரச் சொன்னதற்கு, "பரவாயில்லை, நிக்கிறன்" என்றான். அன்றைக்கு நின்றபடியே முழுப் பரிசோதனையையும் செய்தான். வாசிப்புகளை என் கொப்பியில் எழுதித்தரச் சொன்னான். பேனை பிடிக்கிற விரல் நுனிகளெல்லாம் சிராய்ந்திருந்தன. முதலாம் அரையாண்டுப் பரீட்சைக்கு அவன் வரவில்லை. அந்தச் சுட்டெண்ணுக்குரிய மேசை மண்டபத்தில் வெறுமையாகக் கிடந்தது. பரீட்சை மேற்பார்வையாளர் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்து, அரை மணி நேரத்தின் பின் எடுத்துக்கொண்டு போனார்.

மலரில் இந்தப் பகுதி இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. மலருக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் பட்டம் பெற்று வெளியேறியவர்கள். இடையில் விட்டுப்போனவர்கள் எங்கள் வட்ஸ்அப் குழுவிலேயே கிடையாது. முதற்படி வந்த அன்றைக்கு "அடிமட்டம் இப்ப எங்க?" என்று ஒருவர் கேட்டார், ஞாபகமா? ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குக் கீழேயும் சிரிப்புப் பொம்மைதான் போட்டிருந்தார்கள். பகிடிவதையால் தங்களுக்கு ஒரு தீங்கும் வரவில்லை என்று சொல்கிற எல்லாரும் ஒன்றுகூடலுக்கு வருகிறார்கள். தீங்கு வந்தவனுக்கு அழைப்பிதழ் அனுப்ப முகவரி இல்லை. பிறகு மண்டபத்தில் கைதூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் அது நல்ல அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான்கு பக்கத்திலும் பட்டவர்கள் எல்லாருக்கும் பட்டப்பெயர் இருக்கிறது: அடிமட்டம், கோழிக்குஞ்சு, ரேடியோ, சாம்பிராணி. ஊர் இருக்கிறது. சிலருக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர்கூட இருக்கிறது. செய்தவர்கள் மட்டும் "ஒரு சீனியர் அண்ணா", "சீனியர் அக்காமார்", "பெரியவர்கள்". ஏன்? அது அவ்வளவு நல்ல பம்பல் என்றால் பெயரைப் போடுவதில் என்ன தயக்கம்? அவர்களில் ஒருவர் இன்றைக்குப் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார், ஒன்றுகூடலுக்குப் பிரதம விருந்தினராக அழைக்கலாமா என்ற பேச்சும் குழுவில் ஓடியது. அவருடைய பெயர் அந்தக் கதையோடு வந்தால் அவருக்கு அவமானம் என்று உங்களுக்கே தெரிகிறது. அப்படியானால் அது பம்பல் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நடந்ததை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. எழுதுவதென்றால் யார் செய்தது, யார் பார்த்துக்கொண்டு நின்றது, யார் விட்டுப்போனது என்பதையெல்லாம் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுத முடியாவிட்டால் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

இனி என் பங்குக்கு. என்னைப் பெரும்பாலானவர்களுக்கு நினைவிருக்காது. நான் பட்ச்சில் இருந்தும் இல்லாதவள். முதல் வாரத்திலேயே சீனியர் அக்காமார் கூப்பிட்ட இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இரட்டைப் பின்னலும் கணுக்கால் மறைக்கும் பாவாடையும் எனக்குப் பிரச்சினை இல்லை, ஊரிலும் அப்படித்தான் திரிந்தேன். மழைக்குக் குடை பிடிக்கக்கூடாது என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் அறைக்குக் கூப்பிட்டு, அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குத்தான் என்னால் நிற்க முடியவில்லை. கேட்டவர்கள் எங்கள் பாஷை பேசுகிறவர்கள், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள். தெற்கே போனால் எங்களுக்கு என்ன நடக்குமோ என்று அம்மா பயந்தது வேறு ஆட்களை நினைத்து.

போகாமல் விட்டதற்குத் தண்டனையாக அடி விழவில்லை. குப்பி நின்றது. வெளியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பரீட்சைக்கு முன் சீனியர்மார் இரவில் விடுதியிலோ வெறும் விரிவுரை மண்டபத்திலோ கனிஷ்ட மாணவரை இருத்திப் பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் குப்பி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பாதிப் பட்டதாரிகளை உருவாக்கியது விரிவுரையாளரா குப்பியா என்று பட்டிமன்றம் வைத்தால் நான் குப்பியின் பக்கம் பேசுவேன். நாங்கள் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துவிட்டுப் போனவர்கள். அங்கே முதல் நாளிலிருந்து எல்லாம் ஆங்கிலம். பின்னங்களும் சமன்பாடுகளும் தெரிந்தவைதான், ஆனால் விரிவுரையாளர் வாய் திறந்தால் ஒன்றும் பிடிபடாது. "ஹைப்பொதிசிஸ்" என்ற சொல்லைக் கேட்டு எழுதவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது, அது கருதுகோள் என்று தெரிய இன்னும் கொஞ்ச நாள். அந்த இடத்தில் ஒரு சீனியர் அண்ணா கரும்பலகையில் தமிழில் நின்று, "இங்க பாரும் தங்கச்சி, இது நீர் பள்ளிக்கூடத்தில படிச்ச அதே விசயம்தான்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை தப்பிவிடும். சொல்லாவிட்டால் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதுதான். எனக்குப் புள்ளிவிவரவியலில் நடந்தது அதுதான்.

குப்பி நடந்த மண்டபத்தின் கதவடியில் நின்ற என்னைக் கண்டு, "பட்ச்சோட இல்லாத ஆக்களுக்கு இல்லை" என்றார் ஒருவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் நிறைந்துவிட்டது என்று நடத்துனர் சொல்வதைப்போலச் சொன்னார். பிறகு எங்கள் அறையில் இருந்த ஒரு பிள்ளை தன் குப்பிக் கொப்பியையும் பாஸ்ட் பேப்பர் விடைகளையும் இரவு என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, விடிய எடுத்துக்கொள்வாள். பகலில் என்னோடு பேசமாட்டாள், பேசினால் அவளையும் ஒதுக்கிவிடுவார்கள். மலரில் அவளும் எழுதியிருக்கிறாள், பருப்பைப் பற்றி. உனக்கு இதைப் பகிரங்கமாகச் சொல்வதில் சங்கடம் இருக்காது என்று நம்புகிறேனடி. இந்தப் பட்டத்தில் பாதி உன்னுடையது.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருவோம். முன்னுரையில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: பகிடிவதைதான் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் மன்னாரையும் ஒரே பட்ச் ஆக்கியதாம், பணக்காரன் ஏழை என்ற பேதத்தை முதல் மாதமே உடைத்ததாம். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. பட்ச் என்ற ஒன்று உண்மையாகவே இருந்தது, நானும் கண்டேன். எப்போது என்பதில்தான் உங்களோடு முரண்படுகிறேன்.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. வன்னியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வீட்டுத் தொடர்பு அறுந்தது. காசு வருவதும் நின்றது. அந்த மாதங்களில் எங்கள் பீடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மகாபொலப் புலமைப்பரிசில் காசு வந்த அன்றைக்கே ஒரு பகுதியைப் பொதுவில் போட்டார்கள். யாரும் கணக்குக் கேட்கவில்லை. விடுதியில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை இரண்டு பேர் பகிர்ந்தார்கள். பொலிஸ் பதிவுக்கும் சோதனைச் சாவடிக்கும் தனியே யாரையும் போகவிடவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடிப்போய்ச் சோறு கொடுத்தார்கள். என்னையும் அப்போதுதான் சேர்த்தார்கள், ஒரு பேச்சும் இல்லாமல். பட்டியல் பிடித்து, ஆள் ஆளாகக் காசு பிரித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? முதல் வருடத்தில் விறாந்தையில் "பிழை, திரும்ப அள" என்று சொன்ன அதே அண்ணா. பட்டம் முடித்து அதே பீடத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக நின்றுகொண்டிருந்தார், தன் சம்பளத்திலும் பாதியைப் போட்டார். இந்த மடலை எழுத இத்தனை காலம் பிந்தியதற்கு அவரும் ஒரு காரணம். அவர் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது.

ஆனால் அவர் அவ்வளவு நல்லவர் என்பதுதான் உங்கள் வாதத்தை முறிக்கிறது. அந்த மனிதருக்குள் அவ்வளவு பரிவு இருந்தது, அது வெளியே வர விறாந்தை தேவைப்படவில்லை. எங்களை ஒன்றாக்கியது பசியும் பயமும் ஒரே செய்திக்காக ஒரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்ததும். முதல் மாதத்தில் நடந்தது நேரெதிரானது. அடங்கினவர்கள் உள்ளே, அடங்காதவர்கள் வெளியே என்று பிரித்து, உள்ளே நின்றவர்களுக்கு வெளியே நின்றவர்களைக் காட்டி வெருட்டியது. அதைத்தான் நீங்கள் ஒற்றுமை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள்.

பணக்காரன் ஏழை பேதம் உடைந்ததாம் என்பதற்கு ஒரு வரி. கொழும்பில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர்கள் முதல் மாதம் முழுக்க வீட்டில் நின்றுகொண்டார்கள். விடுதியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளும் வன்னிப் பிள்ளைகளும்தான் முழுவதையும் வாங்கினார்கள்.

நான் இப்போது உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வெட்டுப்புள்ளி வெளிவந்து இடம் கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். முன்பெல்லாம் "ரீச்சர், எந்தப் பாடம் எடுத்தால் நல்லது?" என்பார்கள். இப்போது கதவடியில் செருப்பைக் கழற்றும்போதே, "ரீச்சர், அங்க என்ன செய்வினம்?" என்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியில் ஒரு தசம தானம் குறைந்ததற்காக இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதிப் போகிற பிள்ளைகள் இவர்கள். தகுதி பெற்றவர்களிலேயே சிறு பங்கினருக்குத்தான் இந்த நாட்டில் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தில், சில வேளை ஒரு முழுக் கிராமத்தில், முதலாவதாகப் போகிற பிள்ளை அது. அது மூன்றாம் வாரம் பெட்டியோடு திரும்பி வந்தால் அந்த இடம் வீணாகிவிடலாம்.

அண்மையில் அப்படி ஒரு மாணவன் விடுமுறையில் வந்தான். அவனுடைய சீனியர்மார் சொன்னார்களாம்: "இது ராக்கே இல்லை. எங்கட பெரிய அண்ணாமார் ஒன்றுகூடலுக்கு வந்து சொன்னவை, அவையின்ர காலத்தில விடிய விடிய முழங்காலில நிண்டவையாம்." இரண்டாம் வருடப் பிள்ளைக்கு இருபத்தொரு வயது. தான் செய்வது சரியா என்று அவனுக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். அதைத் தீர்த்துவைக்க, தொந்தியும் நரையுமாக வந்து கன்ரீனில் உட்கார்ந்து, அவர்களுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்து, "எங்கட காலத்தில..." என்று தொடங்குகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு அது ஒரு மாலைப் பொழுது. அவனுக்கு அது அளவுகோல், அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்து காட்டவேண்டும். கொரோனாக் காலத்தில் வளாகங்கள் பூட்டிக் கிடந்தபோது கைபேசி வழியாகக்கூட இது தொடர்ந்தது. கட்டடம் இல்லாமலும் நடக்கிற ஒன்றுக்குக் கதைகள் மட்டும் போதும். அந்தக் கதைகளைக் கையளிப்பது பழைய மாணவர்கள்.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் பட்ச்சில் ஒருவருடைய மகன் இந்த வருடம் பல்கலைக்கழகம் போகிறான். "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, பிறகு அவங்கள்தான் உனக்கு எல்லாம்" என்று புத்தி சொன்னதாகக் குழுவில் பெருமையாக எழுதியிருந்தார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் பிரம்பால் அடித்தால் வலயக் கல்விப் பணிப்பாளர் வரைக்கும் போகிற மனிதர் அவர்.

சட்டம் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். பட்ச்சில் சட்டத்தரணிகளைக் கட்டிய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, கல்வி நிறுவனத்துக்குள்ளோ வெளியிலோ பகிடிவதை செய்கிறவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடும் காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை. உடற்காயம் இல்லாத மனவேதனையும் பயமும்கூட அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. நாங்கள் உள்ளே போகும்போது அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. நீங்கள் மலரில் பம்பல் என்று எழுதியிருப்பவற்றில் அநேகமானவை அதன்படி குற்றங்கள். அந்தச் சட்டம் சும்மா வரவுமில்லை. 1975இல் பேராதனையில் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து, பகிடிவதைக்குத் தப்ப ஒரு மாணவி குதித்தார். அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. 2002இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், அளவுக்கு மிஞ்சி உடற்பயிற்சி செய்யவைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவர் செய்யவைக்கப்பட்டதும் யாரோ ஒருவருடைய பம்பல்தான். சட்டம் வந்த பிறகும் நிற்கவில்லை. 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில், பகிடிவதையை எதிர்த்த ஒரு மாணவர் தாக்கிக் கொல்லப்பட்டார். அதே இடத்தில் 2020 மார்ச்சில் உருட்டிவிடப்பட்ட பெரிய டயர் மோதி முதலாம் வருட மாணவர் ஒருவர் தலையில் படுகாயமடைந்தார். டயரை உருட்டியவர்கள் அவரைக் கொல்ல நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களும் சிரிக்கத்தான் நினைத்திருப்பார்கள்.

புதியவர்களை வரவேற்க வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு, எங்கள் பக்கத்திலேயே வேறு மரபும் இருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்றினார். கூத்து என்றால் நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று முகம் சுளித்த காலம் அது. ஊரில் வட்டக்களரியில் ஆடிப் பழகிவந்த பிள்ளை அங்கே மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறவன் ஆனான். பிறகு நாடகப் பேராசிரியராகப் பெயர்பெற்ற சி. மௌனகுரு அப்படி ஆடிய மாணவர்களில் ஒருவர். சீனியருக்கும் ஜூனியருக்கும் ஒரே தாளத்தில் கால் விழவேண்டும் என்றால் முழங்காலில் நிற்கவைத்துச் சரிவராது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக வந்தவரும் அதே வித்தியானந்தன்தான். இதை ஏன் ஒன்றுகூடல்களில் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை என்று எனக்கு விளங்குவதே இல்லை.

இனி, செய்யக்கூடியவை. அந்த நான்கு பக்கத்துக்குப் பதில் என்ன போடுவது என்று கேட்பீர்கள். ஏ9 மூடிய நாட்களைப் பற்றி எழுதுங்கள். காசு சேர்த்த பட்டியல் இன்னும் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கொடுத்தவர் பெயர் இல்லாமல் அந்தத் தாளை மட்டும் படமெடுத்துப் போட்டாலே இரண்டு பக்கம் நிறைந்துவிடும். விட்டுப்போனவர்களை நான் தேடத் தொடங்கியிருக்கிறேன். முதலாம் வருடப் பதிவுப் பட்டியலையும் பட்டமளிப்புக் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யார் என்று தெரியும். ஊரும் பள்ளிக்கூடமும் தெரிந்தால் ஆளைப் பிடிக்கலாம். அவர்கள் வரவேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது. "அழைக்கிறோம், வந்தால் சந்தோசம்" என்று ஒரு கடிதம் போகட்டும். பட்டப்பெயர் எழுதாமல்.

எங்கள் பட்ச்சில் மூன்று பேர் இன்று விரிவுரையாளர்கள். உங்களிடம் தனியாக ஒன்று. புதியவர்கள் வருகிற முதல் இரண்டு வாரமும் மாலையில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். விடுதிப் பக்கம் நடந்து வாருங்கள், கன்ரீனில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். ஒழுக்காற்று விசாரணைக் குழுவில் உட்கார்ந்தால், "பிள்ளைகளின்ர எதிர்காலம் பாழாகிவிடும்" என்று சொல்லும்போது எந்தப் பிள்ளையின் எதிர்காலம் என்று கேளுங்கள். குப்பியை விடுதி அறையிலிருந்து வெளியே எடுத்து, பீடத்தின் மண்டபத்தில், பெயர் பதிந்த எவரும் வந்து உட்காரக்கூடியதாக நடத்தச் சொல்லுங்கள். நடத்துகிற சீனியருக்குச் சிறு கொடுப்பனவு கொடுக்கலாம். ஒன்றுகூடலில் பட்டாசுக்கும் டிஜேக்கும் ஒதுக்கியிருக்கிற தொகையைப் பார்த்தேன். ஒரு அரையாண்டு முழுக்கத் தமிழில் குப்பி நடத்த அது தாராளமாகக் காணும். ஆங்கிலத்துக்கும் ஒருவரைப் பிடிக்கலாம். ஒருவரும் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு மாத இரசாயனவியலை நான் சூமில் எடுக்கிறேன், சனி இரவு எட்டு மணி எனக்கு வசதி.

வடிவமைப்பாளர் மூன்று நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்றதால் பக்க எண்களையும் தருகிறேன்: 31 முதல் 34 வரை. 34ஆம் பக்கத்தின் அடியில் உள்ள நன்றியுரையை 35க்கு மாற்றினால் மற்றப் பக்கங்கள் குலையாது.

இப்படிக்கு,
உங்கள் பட்ச்சில் ஒருத்தி
வவுனியா